மூன்றாம் எண் கூண்டு

தங்கச்சிமடத்தில் பஸ் ஏறும்போதே
அது அலறிக்கொண்டிருந்ததாம்.
மூடினால் எல்லாம் அழிந்துபோகும் என்று போட்டிருந்ததால்
மூடாமல்,
பாதி வாய் திறந்த மட்டியைப்போல்
மடியில் ஏந்தி வந்திருக்கிறாள் பிலவேந்திராள்.
பாம்பன் பாலத்து நடுவில் கண்டக்டர்
"கடல்ல போட்டுரும்மா, டிக்கெட் காச நான் தாரேன்" என்றாராம்.

மண்டபத்தில் என் கடை மேசைக்கு வந்தும் நிற்கவில்லை.
சிவப்புத் திரை. ஒரு கேடயம்.
ஐந்து வைரஸ்கள், உடனே அழைக்கவும், கீழே ஒரு நம்பர்.
எப்போதும் ஐந்துதான்.
நாலு என்று ஒருநாளும் வந்ததில்லை.

எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடித்தேன்.
திரையை அடைத்து நின்றது சுருங்கி
மூலையில் ஒரு பெருக்கல் குறி முளைத்தது.
தொட்டேன்.
கடைக்குள் மின்விசிறியின் சத்தம் திரும்ப வந்தது.

"நான் எதையும் தொடலக்கா."
எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.
"நெட்டும் வரல. ரெண்டு நாளாச்சு."

கீழ்க்கோடியில் குட்டி விமானம்.
பயத்தில் கைக்கு வந்த பட்டனையெல்லாம் அமுக்கியிருக்கிறாள்.
உச்சிப்புளிக் கடற்படை விமானம்கூட
இரண்டு நாள் இறங்காமல் இருந்ததில்லை.
இறக்கினேன்.
கையெட்டும் தூரத்தில் என் ரூட்டர்,
ஆனாலும் ஒரே கோடு. பிறகு அதுவும் இல்லை.

அடிமூடியில் பதினொரு திருகு.
இரண்டு துருவில் உறைந்தவை, தலை நசுங்கித்தான் வந்தன.
நண்டு உடைக்கும் கொட்டகையில் கணக்கெழுதும் கணினி;
உள்ளே ஆன்டெனா வயர் சேரும் இடத்தில்
பாசிப்பச்சை பூத்திருந்தது.
உப்புக்குக் கடவுச்சொல் வேண்டியதில்லை.
மகளின் பென்சில் பெட்டியில் கிடந்த ரப்பரால்
வைஃபை அட்டையின் செம்புப் பற்களைத் தேய்த்தேன்.
நாலு கோடு.

அப்புறம் அறிவிப்புகளின் பட்டியல்.
நண்டு விலை பார்த்த இடத்தில் ஒன்று,
மகன் ரிசல்ட் பார்த்த இடத்தில் ஒன்று,
மாதா பாட்டு இறக்கிய இடத்தில் மூன்று.
கேட்டதற்கெல்லாம் 'அனுமதி' கொடுத்திருக்கிறாள்,
வாசலில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுக்கிற மாதிரி.
ஒவ்வொன்றாய் எடுத்தேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது
எங்கோ இருந்துகொண்டு இதை ஓட்டுகிற செயலி.
செவ்வாய்க்கிழமை, பகல் மூணேகால்.
பதினாலு நிமிஷம்.

அவளைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்தாள்.
"கம்பெனிக்காரன்ண்டு சொன்னான்.
அம்மா அம்மாண்டு மரியாதையாப் பேசுனான்."
"எவ்வளவு?"
"நண்டு உடைக்கிற புள்ளைக வாரச் சம்பளம்.
ஒம்பது பேரு."

பாம்பன் கம்பத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறினால்
இவள் வீட்டில் யாரும் பதறமாட்டார்கள்.
படகை இழுத்துக் கட்டிவிட்டு உலை வைப்பார்கள்.
அது கத்துவதில்லை, நம்பர் கொடுப்பதில்லை,
கார்டின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதில்லை.
இதை நான் அவளிடம் சொல்லவில்லை.
அவளுக்குத் தெரியாதா.

அழிக்கும் முன்னே திரையைப் படமெடுத்து வைத்தேன்.
"பத்தொன்பது முப்பதுக்கு அடி. இப்பவே.
அப்புறம் பேங்குக்கு."
அடித்தாள், போகவில்லை.
அந்நேரம் பார்த்து அவள் போனில் ஒரு செய்தி:
இலங்கைக்கு நல்வரவு.

"தண்ணித் தொட்டி பக்கம் போய் நில்லு,
அங்கதான் நம்ம நாடு கிடைக்கும்."

வெயிலில் நிற்கிறாள்,
ஒரு காதைப் பொத்திக்கொண்டு.
"பிலவேந்திராள் சார். இல்ல, பி. அப்புறம் ல.
வே. ஆமா சார், வேலிக்கு வர்ற வே.
தொழிலா? நண்டு.
நண்டு சார்."

ஒன்பது திருகை முடுக்கினேன்.
துருப்பிடித்த இரண்டும் மேசையில் கிடக்கின்றன.